துப்பறிந்தீரா, ஊகித்தீரா?

துப்பறியும் கதை படிப்பவர் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிட்டால் எழுதியவரால் ஒன்றும் செய்ய முடியாது. துப்பறியும் கணிப்பொறி விளையாட்டை ஆக்குபவருக்கோ இதைவிடப் பெரிய தொல்லை. நால்வர்மீது சந்தேகம் உள்ள வழக்கில், எதையும் ஆராயாமல் ஒருவரைச் சுட்டினாலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. விளையாடுபவர் உண்மையில் துப்பறிந்தாரா, குருட்டாம்போக்கில் சொன்னாரா என்று இயந்திரம் எவ்வாறு அறியும்?

1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்போகாம் நிறுவனம் 'டெட்லைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. எழுதியவர் மார்க் பிளாங்க். திரையில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். செல்வந்தர் ஒருவர் தம் நூலக அறையில் இறந்து கிடக்கிறார். மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டதால் நேர்ந்த தற்கொலை என்று தோன்றுகிறது. விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரப்படி 12 மணி நேரத்தில் நாம் உண்மையைக் கண்டறிய வேண்டும். கட்டளைகளை விசைப்பலகையில் தட்டுகிறோம். அவ்வீட்டார் நமக்காகக் காத்திருப்பதில்லை. தத்தம் வேலையாக அறைக்கு அறை போய்வருகிறார்கள். ஒரு தொலைபேசி உரையாடலைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்!

அக்கால வட்டுகளில் இடம் மிகக் குறைவு. ஆகவே வாக்குமூலங்களையும் சோதனைச்சாலை அறிக்கையையும் தாளில் அச்சிட்டு, பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். உடன் சில மாத்திரைகளும் இருந்தன. (அஞ்ச வேண்டாம், அவை மருந்தல்ல.) நமது வினாவுக்கு டெட்லைன் தந்த விடை எளியது: சரியான ஆளையே கைது செய்தாலும், ஆதாரம் போதாவிட்டால் வழக்கு நிற்காது.

மறு ஆண்டே வேறொரு விடை வந்தது. 1983-இல் வெளியான 'மர்டர் ஆன் தி சிண்டர்நூப்' ஒரு வான்கப்பலில் நிகழ்கிறது. பயணிகள் 16 பேர். ஒவ்வொரு முறை ஆடும்போதும் கொலையுண்டவரும் கொலையாளியும் மாறுவார்கள். ஒவ்வொரு ஆட்டமும் தனி வழக்கு, 36 நிமிடத்தில் முடிந்துவிடும். நேற்றைய விடை இன்று பயன்படாது.

அதே 1983-இல் ஜப்பானில் யூஜி ஹோரீ 'போர்ட்டோப்பியா தொடர்கொலை வழக்கு' என்ற விளையாட்டை ஆக்கினார். அதிலும் முதலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யவேண்டியிருந்தது. 1985-இல் அது 'பாமிகாம்' என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்கு மாற்றப்பட்டது. அதை இயக்கும் கைப்பிடியில் ஒருசில பொத்தான்களே உண்டு. எனவே கட்டளைகளைத் திரையிலேயே பட்டியலிட்டார்கள். எழுத்துப்பிழைத் தொல்லை ஒழிந்தது. சிறுவரும் ஆட முடிந்தது. ஆனால் கேட்கத்தக்க கேள்விகள் எல்லாம் கண்முன்னே நிற்கும்போது, வரிசையாக ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்கத்தானே கை போகும்? சிந்தனைக்கு அங்கே வேலை குறைந்தது என்பது என் கருத்து.

இக்குறையைப் போக்க நல்ல வழி கண்டவர் ஷூ தக்குமி. 2001-இல் ஜப்பானில் வெளியான அவரது நீதிமன்ற விளையாட்டு, பிற்பாடு 'ஏஸ் அட்டர்னி' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. இதில் நாம் வழக்கறிஞர். தனித்தனி வழக்குகள். சாட்சி சொல்லும் வாக்கியங்களுள் எது பொய், அதை உடைக்கும் தடயம் எது என்று இரண்டையும் சேர்த்துக் காட்டவேண்டும். பத்து வாக்கியங்களும் பத்துத் தடயங்களும் இருந்தால் நூறு இணைகள் ஆகின்றன. ஐந்தாவது தவறை நீதிபதி பொறுப்பதில்லை. இங்கே ஊகத்தால் பிழைப்பது கடினம்.

லூக்காஸ் போப் 2018-இல் வெளியிட்ட 'ஓப்ரா டின்' ஒரே நீண்ட வழக்கு. ஆளில்லாமல் திரும்பிய கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டறிய வேண்டும். மூவர் கதி பிழையின்றி அமைந்தால்தான் விளையாட்டு அதனை ஒப்புக்கொள்ளும். ஒருவரைச் சரியாக ஊகிக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று கொண்டால், மூவரையும் ஊகிக்க ஆயிரத்தில் ஒன்றே. ஆயினும் இருவரை ஐயமறக் கண்டவர், மூன்றாமவரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நானும் அப்படிச் செய்ததுண்டு.

2022-இல் வந்த 'கோல்டன் ஐடல்' விளையாட்டில் மீண்டும் தனித்தனி வழக்குகள். கொலை நிகழ்ந்த காட்சியில் சொற்களைத் திரட்டி, கோடிட்ட இடங்களை நிரப்பி, நடந்ததை நாமே எழுதவேண்டும். பிழைகள் இரண்டோ அதற்குக் குறைவோ ஆனால் அதை மட்டும் திரை அறிவிக்கும்; எந்த இடம் பிழை என்று காட்டாது. ஊகிப்பவருக்கு அந்த அறிவிப்பே ஒரு துப்பாகிவிடுகிறது.