பவுலா வெல்டன் வழக்கு: நிர்வாகக் குறையிலிருந்து மாய முக்கோணம் வரை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பென்னிங்டன் பெண்கள் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவி பவுலா வெல்டன் 1946 டிசம்பர் 1 அன்று மலைப்பாதையில் நடக்கப் போனார், திரும்பவில்லை. வயது 18. இன்றுவரை அவருடைய தடயம் ஏதும் கிடைக்கவில்லை. இந்த வழக்கைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வழக்கைத் தீர்க்கக்கூடிய புதிய சாட்சியம் எதுவும் சேரவில்லை. கேட்கப்படும் கேள்விதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தேடவேண்டிய பொறுப்பு யாருடையது என்று தொடங்கிய பேச்சு, அந்த மலையில் என்னதான் இருக்கிறது என்பதில் வந்து நிற்கிறது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, அதில் எது கண்ணுக்கு மறைந்துபோனது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி உணவுக்கூடத்தில் தன் வேலை நேரத்தை முடித்துவிட்டு, சிவப்பு மேலாடையுடன் பவுலா வெளியே கிளம்பினார். சாலையில் ஒரு காரை நிறுத்தி ஏறிக்கொண்டார். ஓட்டுநர் அவரை 9ஆம் எண் நெடுஞ்சாலையில், லாங் ட்ரெயில் என்னும் நெடும்பாதைக்கு அருகே இறக்கிவிட்டார். பாதையில் எதிர்ப்பட்டவர்களிடம் அது எவ்வளவு தூரம் போகிறது என்று விசாரித்திருக்கிறார். கிரீன் மவுன்டன் கிளப் 1910 முதல் 1930 வரை அமைத்த அந்தப் பாதை, மாசசூசெட்ஸ் எல்லையிலிருந்து கனடா எல்லைவரை 270 மைலுக்கு மேல் நீள்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் அங்கே மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அவர் போட்டிருந்ததோ மலைக்குளிரைத் தாங்கும் உடுப்பு அல்ல. நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பார் என்று அறைத்தோழி நினைத்திருந்ததால், திங்கட்கிழமைதான் கல்லூரிக்கே விஷயம் தெரிந்தது.

இதற்குப் பிறகு நடந்தவைதான் வரலாற்று ஆய்வாளருக்கு முக்கியம். 1946இல் வெர்மான்ட்டுக்கு மாநிலக் காவல்துறையே கிடையாது. ஒவ்வொரு கவுண்டிக்கும் தேர்தலில் வென்று வரும் ஒரு ஷெரீப், ஓர் அரசு வழக்கறிஞர், அவர்களுக்குக் கீழே சில உதவியாளர்கள்; இவ்வளவுதான் ஏற்பாடு. சாலைப் போக்குவரத்தைக் கவனிக்க மோட்டார் வாகனத் துறையின் ரோந்துக்காரர்கள் தனியாக இருந்தார்கள். அருகிலிருந்த மாநிலங்களின் நிலைமை வேறு. கனெக்டிகட் 1903லேயே மாநிலக் காவல்துறையை அமைத்துக்கொண்டது, நியூயார்க் 1917இல். பவுலாவைத் தேட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கல்லூரியில் பாடங்களை நிறுத்திவிட்டு மாணவிகளும் ஆசிரியர்களும் மலையேறினார்கள். ஊர்க்காரர்கள், தேசியக் காவற்படையினர், மோப்ப நாய்கள், விமானம் எல்லாமே வந்தன. 5,000 டாலர் சன்மானமும் அறிவிக்கப்பட்டது. கிடைக்காமல் போனது தலைமைதான். எந்தப் பகுதி தேடப்பட்டது, எது விடுபட்டது, யாருடைய வாக்குமூலம் யாருடையதோடு முரண்படுகிறது என்று ஒரே இடத்தில் பதிந்து, கேள்வி கேட்டு, முடிவெடுக்கப் பயிற்சி பெற்ற அமைப்பு இல்லை.

தந்தை ஆர்ச்சிபால்ட் வெல்டன் இதை உடனே கண்டுகொண்டார். கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் வசித்த அவர் தொழில்துறை வடிவமைப்பாளர். ரெவர் நிறுவனத்தின் செம்பு அடிப்பாகச் சமையல் பாத்திரங்களை வடிவமைத்தவர். விசாரணை நடந்த விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். பல நாள் கழிந்த பின்னரே, அவர் வற்புறுத்தலால், கனெக்டிகட் மாநிலக் காவல்துறையிலிருந்து ஆணும் பெண்ணுமாக இரண்டு புலனாய்வாளர்கள் வந்து சாட்சிகளைத் திரும்பவும் விசாரித்தார்கள். ஒரு மாநிலம் தன் மண்ணில் காணாமற்போன பெண்ணைத் தேட வேறொரு மாநிலத்திடம் அதிகாரிகளை இரவல் கேட்டது. பின்னர் வந்த மறுகதைகள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் வழக்கின் மையமே இதுதான்.

அதிகாரம் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில், பதற்றத்தோடு இருந்த ஒரு பெண்ணுக்கு உணவு பரிமாறியதாக ஓர் உணவகப் பணிப்பெண் சொன்னார். அந்தத் துப்பைத் துரத்திப்போன தந்தை ஏறத்தாழ 36 மணி நேரம் யாருக்கும் தகவல் சொல்லாமல் இருந்துவிட, சந்தேகம் அவர் பக்கமே திரும்பியது. முந்தைய வாரம் நன்றி நவிலல் திருநாளுக்குப் பவுலா வீட்டுக்குப் போகவில்லை என்பதும் கிளறப்பட்டது. அப்பாவோடு சண்டையாம், காதல் விவகாரமாம், மனச்சோர்வாம். ஊரைவிட்டு ஓடிப்போயிருப்பாள் என்றார்கள் சிலர். பெண் காணாமற்போனால் முதலில் அவள் நடத்தையையும் குடும்பத்தையும் விசாரிக்கும் வழக்கம் நமக்கும் நன்றாகத் தெரிந்ததுதான். இத்தகைய பேச்சு, தேடுகிறவர்களின் குறையைத் தேடப்படுகிறவளின் குணமாக மாற்றிவிடும். பாதையோரம் குடியிருந்த ஒருவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதும், சில ஆண்டுகள் கழித்து அவரை மறுபடி விசாரித்ததும் இதற்கு நேர்மாறான திசையில் போன முயற்சிகள். ஆனால் குற்றம் சுமத்துமளவுக்குச் சான்று ஏதும் சேரவில்லை.

1947இல் வெர்மான்ட் சட்டமன்றம் மாநிலக் காவல்துறையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 1 அன்று துறை செயல்படத் தொடங்கியது. முதல் ஆணையர் மெரிட் எட்சன். இரண்டாம் உலகப்போரில் குவாடல்கனால் தீவில் போரிட்டுப் பெயர் பெற்ற தளபதி. பவுலா வழக்கின் நேரடி விளைவு இது என்று பலரும் எழுதுகிறார்கள். பாதி சரி. மாநிலக் காவல்துறை வேண்டும் என்ற கோரிக்கை அதற்கு முன்பே எழுந்திருந்தது. ஷெரீப்களின் உள்ளூர் அதிகாரம் பறிபோகுமே என்ற அச்சமும், செலவைப் பற்றிய தயக்கமும் குறுக்கே நின்றன. 1946 கட்சி உட்தேர்தலில் ஆளுநர் மார்ட்டிமர் ப்ராக்டரைத் தோற்கடித்த எர்னெஸ்ட் கிப்சன், சீர்திருத்தம் பேசிக்கொண்டு 1947 ஜனவரியில் பதவியேற்றார். அரசியல் சூழல் கனிந்திருந்த வேளையில் பவுலா வழக்கு எதிர்ப்பாளர்களின் வாயை அடைத்தது என்று சொல்வதே பொருந்தும். வாகனத் துறையின் ரோந்துக்காரர்கள் புதிய துறையோடு இணைக்கப்பட்டார்கள்.

இந்தக் கட்டத்தோடு நிர்வாகக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக மக்கள் கருதியிருக்க வேண்டும். அடுத்து இலக்கியம் நுழைகிறது. பென்னிங்டன் கல்லூரியில் கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன் கற்பித்ததால் அவ்வூர்ப் பக்கம் வாழ்ந்த ஷெர்லி ஜாக்சன், 1951இல் 'ஹேங்ஸமன்' நாவலை வெளியிட்டார். கல்லூரி மாணவி ஒருத்தியின் மனச்சிதைவைச் சொல்லும் அந்நாவலைப் பவுலாவோடு இணைத்துப் பேசுவது விமர்சகர்களிடையே வாடிக்கை. எனக்கு அது இழுத்துக் கட்டிய முடிச்சாகவே படுகிறது. அவருடைய 'தி மிஸ்ஸிங் கேர்ள்' என்ற சிறுகதைதான் வழக்குக்கு இன்னும் நெருக்கமானது. அதில் தேடல் நீள நீள, அப்படியொரு சிறுமி இருந்தாளா என்பதே ஐயமாகிவிடுகிறது. தேடும் நிறுவனங்களின் மறதியைப் பற்றிய கதை அது.

முக்கோணம் வெகு தாமதமாக வந்தது. வெர்மான்ட் எழுத்தாளர் ஜோசப் சிட்ரோ 1992இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் 'பென்னிங்டன் முக்கோணம்' என்று பெயர் சூட்டினார். 1964இல் வின்சென்ட் காடிஸ் ஓர் இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெர்முடா முக்கோணமே முன்மாதிரி. 1945க்கும் 1950க்கும் இடையே அவ்வட்டாரத்தில் காணாமற்போன சிலரைச் சேர்த்து ஒரு பட்டியல் உருவானது: வேட்டை வழிகாட்டியான ஒரு முதியவர், பவுலா, பேருந்துப் பயணத்தில் மாயமானதாகச் சொல்லப்படும் முன்னாள் படைவீரர், எட்டு வயதுச் சிறுவன், மலை நடையில் பழகிய ஒரு பெண்மணி. இவர்களை ஒன்றாகக் கோப்பது காலமும் வட்டாரமும் மட்டுமே. வயதும் சூழலும் வெவ்வேறு. பெண்மணியின் உடல் 1951 மே மாதம் கிடைத்துவிட்டது என்பதையும் பட்டியல் ஒரு மர்மமாகவே சொல்கிறது. படைவீரர் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், கடைசியாகப் பார்த்தவர் யார் என்ற முதல்நிலைக் கேள்விகளை மறுகதைகள் எழுப்புவதில்லை. சிறுவனும் சிவப்பு உடையில் இருந்ததால், மலைக்குச் சிவப்பு ஆகாது என்ற நம்பிக்கை வேறு கிளம்பியது.

அவ்வட்டாரத்திலுள்ள கிளாஸ்டன்பரி மலையும் இந்தக் கதைக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டது. அங்கே ஒரு காலத்தில் ஊர் இருந்தது. மரம் வெட்டுவதும் கரி சுடுவதும் தொழில். காடு அழிந்ததும் பிழைப்பு போனது. பின்பு மின்சார டிராம் பாதையைப் பயன்படுத்திச் சுற்றுலாத்தலமாக்கப் பார்த்தார்கள். 1898 வெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போனது. 1937இல் சட்டமன்றம் ஊரின் உள்ளாட்சி அமைப்பையே கலைத்தது. பொருளாதாரம் நொடித்து ஆளொழிந்த இந்த ஊரை முக்கோணக் கதைகள் சாபம் பிடித்த ஊராக்கின. பழங்குடியினர் அந்த மலைக்கே அஞ்சினார்கள் என்ற சேர்க்கையும் ஒட்டிக்கொண்டது. சான்று கேட்டால் மேலும் ஒரு மறுகதையைத்தான் காட்டுவார்கள்.

பொழுதுபோக்குக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மலை விழுங்கியது என்று சொன்னால் குளிரில் உறைந்து இறந்தாரா, வழுக்கி விழுந்தாரா, கொலையா என்று பிரித்துப் பார்க்கும் தேவை இல்லாமல் போகிறது. 1947இல் ஒரு துறையையே உருவாக்க உதவிய கோபம் 1992க்குப் பின் சிலிர்ப்பாகக் கரைந்துவிட்டது.

வழக்கு இன்னும் முடிக்கப்படவில்லை. அமெரிக்க அரசின் 'நேம்அஸ்' என்னும் தரவுத்தளம் 2007 முதல் 2009 வரை படிப்படியாக அமைந்து, காணாமற்போனோர் விவரங்களையும் அடையாளம் தெரியாத உடல் எச்சங்களையும் ஒப்பிட வழி செய்தது. எலும்புத் துண்டோ பல்லோ என்றாவது கிடைத்தால், பற்குறிப்பாலோ இரத்த உறவினர் ஒருவரின் மரபணு மாதிரியாலோ அது பவுலாவுடையதா என்று சொல்லிவிடலாம். நெருங்கிய உறவினர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைந்துகொண்டே வருவார்கள். மாதிரியைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பது மாநிலக் காவல்துறையின் வேலை. முக்கோணத்தை நம்புகிறவர்களுக்கு அந்த மாதிரி எதற்கும் பயன்படாது.