வெட்டிவேர்த் தட்டி

மின்விசிறி வருவதற்கு முற்பட்ட சென்னைப் பட்டணத்தில், அக்கினி நட்சத்திரத்தின் உக்கிரத்தோடு மேற்கிலிருந்து தரைக்காற்று அனலாய் வீசிய நாட்களில், துரைமார் பங்களாக்களின் சன்னல்களை மறைத்து நின்றது, மூங்கில் சட்டத்தில் வெட்டிவேரை நெருக்கிப் பின்னிய தட்டியே. வேலையாள் ஒருவன் வெளியே நின்று ஓயாமல் தண்ணீரை வாரி இறைப்பான். அனற்காற்று அந்த ஈரவேர்களினூடே நுழைகையில் நீர் ஆவியாகி உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ள, தூசியில் ஒரு பகுதி வேரிலேயே படிந்துவிட, அறைக்குள் வருவது சுகந்தமும் சீதளமும் கலந்த காற்றாகவே இருக்கும். அக்பர் காலத்து வெட்டிவேர் அறைகளைப் பற்றி அபுல் பசல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருப்பதால், இதை வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பென்று கொண்டாடுவதற்கு இடமில்லை.

ஆயினும் இதன் பிரயோஜனமெல்லாம் காற்று வறண்டிருக்கும் வரையில்தான். பிற்பகலில் கடற்காற்று புகுந்துவிட்டால், அதில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், நனைந்த தட்டி புழுக்கத்தையே வளர்க்கும். உலராத வேரிலோ பூஞ்சணம் பற்றி, ஆரோக்கியத்துக்கென்று மாட்டியதே சுவாசத்துக்குத் தீங்காகிவிடும். தண்ணீர் சுமந்தவனின் தோள்வலி வேறு!

இன்றும் வெட்டிவேர்த் திரை கடைகளில் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் அதை வறண்ட காற்று வரும் சன்னலில் மாட்டி, அவ்வப்போது கழற்றி வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே மறுபடி நனைக்க வேண்டும்.