மாசு அணுவும் 'அரை' இலத்திரனும்

களுதாவளையில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "போலித்துணிக்கை என்றால் பொய்யா?" என்பதுதான். பொய்யல்ல. வாவியில் எழும் நீர்க்குமிழி தண்ணீர் இல்லாத இடம்தான். ஆனாலும் அதற்கு உருவமும் அசைவும் உண்டு. அதுபோல, உலோகத்துக்குள் பல இலத்திரன்கள் சேர்ந்து ஒரே துணிக்கை போல நடந்துகொள்வதையே போலித்துணிக்கை என்கிறோம்.

குளிரக் குளிர உலோகத்தின் மின்தடை குறையவேண்டும். ஆனால் 1934 இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வுகூடத்தில், ஒருசில கெல்வினுக்குக் குளிர்ந்த தங்கத்தின் தடை மீண்டும் ஏறியது. தங்கத்தில் சிறிதளவு கலந்திருக்கும் இரும்பு போன்ற காந்த மாசு அணுக்களே காரணம் என்பதை 1964 இல் ஜப்பானிய அறிஞர் யுன் கொண்டோ விளக்கினார். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அவருடைய கணக்கு முடிவிலிக்குப் போய் உடைந்தது. 1975 இல் கெனத் வில்சன் அதைத் தீர்த்தார்: இலத்திரன்கள் மாசைச் சூழ்ந்து அதன் காந்தத்தை மறைத்துவிடுகின்றன. வில்சன், வில்கின்சு ஆகியோருடன் சேர்ந்து 1980 இல் அந்த முறையை விரிவாக்கியவர் எச்.ஆர். கிருஷ்ணமூர்த்தி, பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்.

இரண்டு இலத்திரன் கூட்டங்கள் ஒரே மாசை மறைக்கப் போட்டியிட்டால்? அதே 1980 இல் நோசியேரும் பிளாண்டினும் இதை ஆராய்ந்தனர். இரண்டும் சமபலம் என்றால் எதுவும் வெல்லாது. மாசின் சுழற்சிக்கு இரண்டு நிலைகள். ஆனால் கடைசியில் எஞ்சும் எந்திரப்பி அதற்குரியதில் சரிபாதி. அதாவது, 2 நிலைகளுக்குப் பதிலாக √2. எஞ்சுவது மயோரனா எனப்படும் 'அரை' இலத்திரன் என 1992 இல் எமரியும் கிவல்சனும் காட்டினர். 2007 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகக் குழுவொன்று, குறைகடத்தியில் செய்த நுண்ணிய அமைப்பில் இப்போட்டியின் அடையாளத்தைக் கண்டது. அளந்தது மின்கடத்தலை, அரைத் துணிக்கையை நேரடியாக அல்ல.

இதனால் என்ன பயன்? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் என்றைக்குமாக அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்து எங்களுக்குத் தெரியும். குவாண்டம் கணினியின் தகவலும் சிறு குழப்பத்தில் அழியக்கூடியது. அதைப் பிரதி எடுக்கவும் முடியாது. தூரத்தூர இருக்கும் இரு 'அரை'களுக்கிடையே அதைப் பகிர்ந்து வைத்தால், ஓரிடத்தில் வரும் குழப்பம் அதை எளிதில் அழிக்காது. இந்த எதிர்பார்ப்பே ஆய்வுகளைத் தொடரவைக்கிறது.

இவற்றில் பெரும்பகுதி தாளிலும் கணினியிலும் செய்யப்பட்ட வேலை. கணிதத்தில் ஊன்றிய எங்கள் பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு.