அலங்கரித்த வேல்கள்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் என்று மேடைதோறும் போற்றுகிறோம். 1981ஆம் ஆண்டு ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அவன் பெயரைத் தாங்கியுள்ளது. அது கூறுவது போர்வெற்றியன்று. அவன் அளித்த உறையுள் கொடை.

அந்த ஔவை தொண்டைமானிடம் தூது சென்றார். அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுப் பளபளத்தன. அதியமானின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வதுபோலப் பழித்த அம்மொழியைப் புறநானூறு காத்துத் தந்துள்ளது. அலங்கரிக்கப்பட்டு, பயன்படுத்தப்படாத அறமும் அத்தகையதே.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் இஸ்ரயேல் அந்நிலையில் இருந்தது. இரண்டாம் எரொபவாம் நாட்டின் எல்லைகளை விரித்தான். சமாரியாவின் செல்வர் தந்தக் கட்டில்களில் சாய்ந்திருந்ததை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துரைக்கிறார். அகழாய்வில் அங்குக் கிடைத்த தந்தச் செதுக்கல்கள் அவர் கூற்றுக்குச் சான்று. பெத்தேலில் பலிகள் குறைவின்றி நடந்தன. நகர வாயிலில் ஏழைக்கு நீதி மட்டும் கிடைக்கவில்லை. இதை எடுத்துரைத்த தெக்கோவா ஊர் இடையரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னவர், பெத்தேலின் குரு அமட்சியா.

கி.மு. 722 அளவில், மூன்றாண்டு முற்றுகைக்குப் பின், சமாரியா வீழ்ந்தது. 27,290 பேர் சிறைகொள்ளப்பட்டதாக அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோனின் கல்வெட்டு கூறும். அசீரியரின் படைவலிமையே காரணம் என்பர், உண்மையே. எனினும் எரொபவாமுக்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் ஆண்ட அறுவருள் நால்வர் கொலையுண்டனர். எளியவனை ஏமாற்றப் பழகிய சமூகம், இறுதியில் தனக்குள்ளேயே நம்பிக்கை இழந்தது. தகடூரும் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்ததுதான். ஆனால் போரில் தோற்பது இழிவன்று. அதியமானின் ஈகை இன்றும் நினைக்கப்படுகிறது.

இனி நம் மாவட்டத்தை நோக்குவோம். 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். பழங்குடி மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். 1995இல்தான் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுக்கு ஆணையிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

அந்தப் பத்தொன்பது ஆண்டுகளும் அப்பெண்கள் நீதிமன்றத்தை நோக்கி நின்றனர். நாம் எங்கு நின்றோம்? நம் திருவிழாக்கள் குறைவின்றி நடந்தன. தேர்கள் அழகுற அலங்கரிக்கப்பட்டன. அமட்சியாவும் ஒரு குருவே என்பதை மறவாமல், இக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அன்பர்களே, நெல்லிக்கனி ஈந்த மண் இது என்று பெருமைகொள்வதில் தவறில்லை. ஆனால் அப்பெருமை நம் காதுகளை அடைத்துவிடலாகாது. அநீதிக்குள்ளான ஒருவர் நம் வாயிலில் வந்து நின்றால், அவர் சொல்வதை முதலில் அமர்ந்து கேட்போம். பின்னர் அவருடன் எழுந்து நடப்போம்.