சின்ன மொழி, பெரிய வழக்கு – 9: பியானோ போன வீடு

ஒன்பது மாதச் சிறைத்தண்டனை முடிந்து 1937-ல் வெல்ஷ் தேசியவாதி சான்டர்ஸ் லூயிஸ் வெளியே வந்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். விமானப்படைப் பயிற்சித் தளத்துக்குத் தீ வைத்துவிட்டுத் தாமே காவல் நிலையத்துக்கு நடந்துபோன மூவரில் அவர் ஒருவர். கல்லூரி விரிவுரையாளர் வேலை போயிற்று. 1943 இடைத்தேர்தலில் தோற்றார். பிறகு அரசியலிலிருந்து விலகி நாடகம் எழுத உட்கார்ந்துவிட்டார். தீயால் அசையாத ஒன்றை ஒரு தாள் அசைக்கப் போகிறது என்று சொல்லி முடித்திருந்தேன். அந்தத் தாள் இதோ, வாசலில் விழுகிறது.

1952. தெற்கு வேல்ஸில் லனெலி நகரத்தை ஒட்டிய கிராமம் லான்கெனெக். இரண்டு பெயர்களின் முதல் எழுத்தையும் நான் ‘ல’ என்று எழுதுவது நம் வசதிக்குத்தான். நாக்கை ‘ல’வுக்கு வைப்பதுபோல் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். நமக்கு ‘ழ’ எப்படியோ, வெல்ஷ்காரர்களுக்கு அது அப்படி. வெளியூர்க்காரனைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து.

அந்த ஊரில் ஒரு சிறிய வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள் டிரெவர் பீஸ்லியும் ஐலீன் பீஸ்லியும். கல்யாணமாகி ஒரு வருடம்தான். கணவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மனைவி ஆசிரியையாக இருந்தவர். வீடு என்று வந்தால் வீட்டு வரியும் வரும். லனெலி ஊரக மாவட்ட மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. முழுக்க ஆங்கிலத்தில்.

வெல்ஷ் மொழியில் அனுப்புங்கள், கட்டிவிடுகிறோம் என்றார்கள் தம்பதி. இது வரிகொடா இயக்கம் அல்ல என்பதைக் கவனியுங்கள். பணத்தில் தகராறே இல்லை. என்னிடம் கேட்பதை என் மொழியில் கேள் என்பது மட்டும்தான் வழக்கு.

மன்றம் மறுத்தது. மறுத்தவர்கள் யார்? லண்டனிலிருந்து வந்து இறங்கிய துரைகளா? இல்லை. அந்த வட்டாரத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெல்ஷ் பேசுகிறவர்கள். மன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வெல்ஷ் தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும். கொடுப்பவர், வாங்குபவர் இரு தரப்புக்கும் தாய்மொழி ஒன்றே. நடுவில் போய்வரும் தாள் மட்டும் ஆங்கிலம்.

இந்த விசித்திரத்துக்கு வயது நானூறுக்கு மேல். எட்டாம் ஹென்றியின் 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலமே நடக்க வேண்டும் என்றது. வெல்ஷ் மட்டும் பேசுகிறவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றது. தேவாலயத்தில் வெல்ஷ், அடுப்படியில் வெல்ஷ், சுரங்கத்துக்குள் வெல்ஷ். கையெழுத்தும் முத்திரையும் விழும் இடத்தில் மட்டும் ஆங்கிலம். தலைமுறை தலைமுறையாக ஊறிய பிறகு இதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. பழக்கமே போதுமானதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுபோல, ஆபீஸ் வாசலில் தாய்மொழியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

சம்மன் வந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கும் வெல்ஷிலேயே விசாரியுங்கள் என்று நின்றார்கள். 1942-ல் ஒரு சட்டம் வந்திருந்தது: ஆங்கிலத்தில் பேசுவது தனக்குப் பாதகம் என்று கருதுகிறவர் கோர்ட்டில் வெல்ஷ் பேசலாம். சலுகை மாதிரி தெரிகிறதல்லவா? உள்ளே ஒரு பொறி இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு என்ன பாதகம் என்று யாரும் மடக்கலாம். வெல்ஷ் பேசுவது ஒரு குறைபாட்டுக்குக் கொடுத்த ஊன்றுகோல், அவ்வளவுதான். பீஸ்லி தம்பதி கேட்டது ஊன்றுகோல் அல்ல.

அபராதம், மறுபடி சம்மன், மறுபடி கோர்ட். பத்துத் தடவைக்கு மேல் படியேறினார்கள். இடையில் குழந்தைகள் பிறந்தார்கள். பிறகு அமீனா வந்தார்.

ஜப்தி என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர் பார்க்க, வீட்டுச் சாமான் தெருவுக்கு வருவது. நாற்காலி போயிற்று. மேசை போயிற்று. பாட்டு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத அந்த நாட்டில் அவர்கள் வீட்டுப் பியானோவும் போயிற்று. கட்ட வேண்டிய வரியைவிட எடுத்துப் போன சாமானின் மதிப்பு பல மடங்கு. ஒரு முறையோடு முடியவும் இல்லை. திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒரு வரி வெல்ஷில் அச்சடிக்க ஆகும் செலவைவிட அதை அச்சடிக்காமல் இருப்பதற்கு மன்றம் அதிகம் செலவழித்திருக்கும்.

இதே ஆண்டுகளில் வடக்கே இன்னொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வேல்ஸின் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. சட்டம் நிறைவேறியது. வெல்ஷ் மட்டுமே புழங்கிய காப்பெல் கெலின் என்ற கிராமம், பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம் எல்லாவற்றோடும் நீருக்குள் போகப் போகிறது. ஊர்வலம், மனு, கோஷம் எல்லாம் நடந்தன; எதுவும் பலிக்கவில்லை.

ஊரே திரண்டும் முடியாதது அங்கே. இரண்டு பேர் மட்டும் நின்ற இடத்திலோ 1960-ல் ஒரு தாள் வாசலில் விழுந்தது. வீட்டு வரி நோட்டீஸ். வெல்ஷும் ஆங்கிலமும் ஒரே தாளில். எட்டு வருடம்!

தம்பதி வரியைக் கட்டினார்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு நோட்டீஸால் ஒரு மொழி பிழைக்குமா? மக்கள்தொகைக் கணக்கு வேறு கதை சொன்னது. 1911-ல் வேல்ஸில் வெல்ஷ் பேசியவர்கள் சுமார் 9.77 லட்சம் பேர். நூற்றுக்கு 43 பேருக்கு மேல். 1951-ல் சுமார் 7.15 லட்சம், நூற்றுக்கு 29 பேர். 1961-ல் மறுபடி கணக்கெடுத்தார்கள். எண்கள் இன்னும் வெளியாகவில்லை. மொழி அக்கறை உள்ளவர்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளியின் உறவினர்கள்போல இருந்தார்கள்.

ஒருவர் மட்டும் முடிவுக்குக் காத்திருக்கவில்லை.

1962 பிப்ரவரி 13. பிபிசியின் வெல்ஷ் ஆண்டுச் சொற்பொழிவு. வானொலியில் வந்தது ஓர் அறுபத்தெட்டு வயதுக் குரல். அரசியல் மேடையில் பல ஆண்டுகளாகக் கேட்காத குரல். நாடகம் எழுதப் போய்விட்டார் என்று எல்லோரும் மறந்திருந்த சான்டர்ஸ் லூயிஸ்! தலைப்பு: ‘மொழியின் விதி’.

கணக்கு வெளியாகும் முன்பே அவர் நாள் குறித்தார். போக்கு இப்படியே நீடித்தால் இருபத்தோராம் நூற்றாண்டு தொடங்கும் வேளையில் வெல்ஷ் வாழும் மொழியாக இருக்காது என்றார். பிறகு ஒரு தம்பதியின் கதையைச் சொன்னார். லான்கெனெக்கின் வீட்டு வரிக் கதை, ஒரு கிராமத்து வம்பு என்ற நிலையிலிருந்து அந்த இரவில் நாட்டுக்கே மருந்துச் சீட்டாக மாறியது.

சீட்டில் எழுதியிருந்தது கசப்பு மருந்து. அதை அவர் நீட்டியது தாமும் சேர்ந்து தொடங்கிவைத்த கட்சியிடம். கட்சி தயங்கியது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வேறு சிலரும் இருந்தார்கள். கட்சிப் பதவியோ, இழக்கச் சொத்தோ, ஜப்தி செய்யப் பியானோவோ இல்லாத கல்லூரிப் பிள்ளைகள்.

அதே ஆண்டு, கடலோர அபெரிஸ்ட்வித் நகரத்தில் ஒரு மாணவர் சைக்கிளில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு போனார். சில்லறைக் குற்றம். போலீஸ் நிறுத்தியது. சம்மன் வந்தது.

ஆங்கிலத்தில்.

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்...

(தொடரும்)