போனான் உராய்வு

போனான் உராய்வு என்பது ஒன்றன்மீது ஒன்று நழுவும் இரு பரப்புகளின் இயக்க ஆற்றல், அவற்றின் அணு அதிர்வுகளாக மாறி வெப்பமாகச் சிதறும் நிகழ்வாகும். திண்மங்களில் பரவும் அணு அதிர்வின் குவாண்டம் போனான் எனப்படுகிறது. திருப்பூரின் பனியன் துணி பின்னும் இயந்திரங்களில் ஊசியும் நூலும் சூடேறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இயங்குமுறை

நழுவும் பரப்பின் அணு, எதிர்ப்பரப்பின் அணுக்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் தங்கி, இழுவிசை மிகும்போது அடுத்த பள்ளத்திற்குத் தாவுகிறது. அப்போது விடுபடும் ஆற்றல் அண்டை அணுக்களை அதிரச் செய்து, ஒழுங்கற்ற வெப்ப அசைவாகப் பரவுகிறது. இக்கருத்தை லுட்விக் பிராண்டில் (1928), ஜி. ஏ. டாம்லின்சன் (1929) ஆகியோர் முன்வைத்தனர். உலோகங்களில் எலக்ட்ரான்கள் வழியாகவும், பஞ்சிழை போன்ற பல்லுறுப்பிகளில் உருமாற்றம் வழியாகவும் ஆற்றல் இழக்கப்படுகிறது.

ஆய்வுகள்

1987 இல் அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு அணு அளவிலான உராய்வு முதன்முதலாக அளக்கப்பட்டது. 2007 இல் ராபர்ட் கார்ப்பிக் குழுவினர் வைரம், சிலிக்கான் பரப்புகளை ஐதரசனாலும், அதனினும் கனமான டியூட்டிரியத்தாலும் மூடி ஒப்பிட்டனர். மெதுவாக அதிரும் டியூட்டிரியப் பரப்பில் உராய்வு குறைந்திருந்தது. அதிர்வு எண் உராய்வைப் பாதிக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

பின்னலாடைத் தொழிலில்

30 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 24 ஊசிகளும் கொண்ட வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் தடத்தில் மேலும் கீழும் உரசுகிறது. நூலும் வழிகாட்டிகள், ஊசிக் கொக்கிகள் ஆகியவற்றில் வளைந்து செல்கிறது.

வளைவுகளில் நூலின் இழுவிசை பெருக்கல் முறையில் உயரும். உராய்வுக் கெழு 0.3 எனில் 180 பாகை வளைவு ஒன்றில் இழுவிசை சுமார் 2.6 மடங்காகிறது, இரு வளைவுகளில் 6.6 மடங்காகிறது. கெழு 0.15 ஆகக் குறைந்தால் இரு வளைவுகளுக்கும் சேர்த்து 2.6 மடங்கே. இழுவிசை மிகுந்தால் நூல் அறுந்து துணியில் ஓட்டை விழும்.

இதனாலேயே பின்னலுக்கான பருத்தி நூலுக்குக் கோனில் சுற்றும்போது பாரஃபின் மெழுகு பூசப்படுகிறது. ஊசிகளுக்கு எண்ணெய் இடப்படுகிறது. எளிதில் நழுவும் இப்படலங்கள், பரப்புகள் நேரடியாகத் தொடுவதைக் குறைத்து, அதிர்வாக வீணாகும் ஆற்றலையும் குறைக்கின்றன. எனினும் எண்ணெய் மிகுந்தால் துணியில் கறை படியும். மெழுகு மிகுந்தால் வழிகாட்டிகளில் பஞ்சுத் தூசியுடன் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சாயமிடுவதற்கு முன் இவ்விரண்டும் துணியிலிருந்து நீக்கப்படுதல் வேண்டும். இல்லையெனில் சாயம் சீராகப் பிடிக்காது.