மனிதக் கடத்தலுக்கு ஆளானோர் பாதுகாப்பு – பினாங்கு

பினாங்கில் கடத்தலுக்கு ஆளானோரைக் காக்கும் பொறுப்பு கூட்டரசைச் சார்ந்தது. அடிப்படை, 2007ஆம் ஆண்டின் மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டம். மீட்கப்பட்டவருக்கு மாஜிஸ்திரேட் 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை தருவார். கடத்தப்பட்டவர் என்று விசாரணையில் உறுதியானால் அடைக்கலம் நீடிக்கும். வெளியே வேலை பார்க்கவும் உதவித்தொகை பெறவும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம்தான் வழிவிட்டது. அதுவரை காப்பகமே பலருக்கு இன்னொரு சிறை.

மீட்கப்பட்ட பிறகே தொடங்கும் இந்த உதவி, வீட்டுக்குள் அடைபட்டவரை எட்டுவதில்லை என்பதே பெருங்குறை. 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் உடலெங்கும் காயங்களுடன் மீட்கப்பட்டார். வாசல் தாழ்வாரத்தில் நாயோடு படுக்கவைக்கப்பட்டார் என்று கூறப்பட்டது. மறுநாளே மருத்துவமனையில் இறந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முதலாளி விடுவிக்கப்பட்டார். 2022இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.